படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டுவது: ஆய்வுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்களின் ஆய்வுக் கட்டுரை வரைவுகளைப் படித்துத் திருத்துவது பல ஆண்டுகளாக என் வேலை. இந்த முறை வந்தவற்றைப் படிக்கும்போது, முதுகலை படித்த காலத்தில் நான் செய்த தவறுகளே வரிசையாகக் கண்ணில் பட்டன. எழுத்துப்பிழை, கடைசி நாள்வரை தள்ளிப்போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை

"சமூக ஊடகமும் இளைஞர்களும்" என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதில் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்து கொட்டும், எதை எடுப்பது எதை விடுவது என்று புரியாது. "இரவில் போனை வேறு அறையில் வைக்கும் மாணவர்கள் கூடுதல் நேரம் தூங்குகிறார்களா?" என்று கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட கேள்வி வெறுமனே யோசித்துக்கொண்டிருந்தால் வராது. உங்களுக்குப் பிடித்த துறையில் அண்மையில் வந்த கட்டுரை ஒன்றை எடுத்து, முதலில் அதன் கடைசிப் பகுதிக்குப் போங்கள். தங்கள் ஆய்வின் குறைகளையும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் அங்கேதான் எழுதியிருப்பார்கள். ஒரே விஷயத்தில் இரண்டு கட்டுரைகள் முரண்பட்டால் இன்னும் நல்லது. ஏன் முரண்படுகின்றன என்பதே உங்கள் கேள்வியாகலாம்.

படிக்காததைப் படித்ததுபோல் காட்டுவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். கட்டுரை 'அ'வைப் படிக்கிறோம். அதில் கட்டுரை 'ஆ'விலிருந்து ஒரு தகவல் இருக்கிறது. 'ஆ'வைத் தேடாமலே, அதை நேரில் படித்ததுபோல் நம் நூற்பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்.

என் முதுகலை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுவதும் ஒரே சதவீதக் கணக்கின் மேல் நின்றது. அதை வேறொருவரின் தொகுப்புக் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர், "அந்த ஆய்வில் எத்தனை பேரைப் பார்த்தார்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் தேடி எடுத்துப் பார்த்தால், மூல ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. நான் எழுதியதோ பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி. தொகுப்புக் கட்டுரை அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டிருந்தது. அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத நான்கு மாதம் ஆனது. அந்தக் கட்டுரை நூலகத்தில்தான் இருந்தது, அரைமணி நேரத்தில் படித்திருக்கலாம்.

எனக்கு நான்கு மாதம்தான் போனது. இதே தவறு மருத்துவத்தில் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1980இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 11,882 பேருக்கு ஓபியாய்டு எனப்படும் வலுவான வலிநீக்கி வகை மருந்து கொடுக்கப்பட்டது, முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர் மட்டுமே அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்பதுதான் செய்தி. வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை எடுப்பவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. அந்தக் கடிதத்தைப் பின்னாளில் எத்தனை பேர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வை அதே இதழ் 2017இல் வெளியிட்டது. மொத்தம் 608 மேற்கோள்கள். ஏறத்தாழ 72 சதவீதம் பேர் 'அடிமையாவது அரிது' என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர், அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதைக் குறிப்பிடவே இல்லை. ஐந்து வாக்கியம்! படிக்க ஒரு நிமிடம் போதும். அமெரிக்காவில் ஏராளமானோர் இந்த மருந்துகளுக்கு அடிமையாகி உயிரிழந்த ஓபியாய்டு துயரத்துக்குப் பல காரணங்கள் உண்டு. இந்தக் கடிதம் அதில் ஒரு பங்கு வகித்தது என்பது அந்த ஆய்வைச் செய்தவர்களின் கருத்து.

ஆகவே செய்ய வேண்டியது இது. தகவல் பிடித்திருந்தால் அதன் அடிக்குறிப்பைப் பிடித்து மூலத்துக்குப் போங்கள். முன்னுரையோடு நிறுத்தாமல், யாரை, எத்தனை பேரை, எப்படி ஆராய்ந்தார்கள் என்ற பகுதியைப் படியுங்கள். பணம் கட்டச் சொன்னால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையின் மற்ற பிரதிகளைப் பாருங்கள். பல நேரம் ஆசிரியரே தன் பக்கத்தில் போட்டிருப்பார். இல்லையென்றால் நூலகரிடம் கேளுங்கள், வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார். ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதலாம், தன் கட்டுரையைப் படிக்கக் கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். எதுவுமே நடக்கவில்லையா? 'இன்னாரின் கட்டுரையில் எடுத்தாளப்பட்டது' என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதில் எந்த இழுக்கும் இல்லை.

விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டுவது

வேண்டாம். அதன் அடிக்குறிப்புகளில் தொடங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவு தந்த நூற்பட்டியலை நம்புவது

ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண் எல்லாம் சரியாக இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். போன மாதம் ஒரு மாணவியின் பட்டியலில் இருந்த பன்னிரண்டில் மூன்றை எங்குமே கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல கேள்வியோடு வந்த பெண், அந்த மூன்றால் மற்ற ஒன்பதையும் நான் சந்தேகப்பட வேண்டியதாயிற்று. புதுச் சொற்களையும் கோணங்களையும் யோசிக்க இந்தக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பட்டியலில் சேரும் ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பார்த்திருக்க வேண்டும்.

திரும்பப் பெற்ற கட்டுரையைக் கவனிக்காமல் விடுவது

தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்தது 12 குழந்தைகள். அதை வெளியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழ், இனி அதை நம்ப வேண்டாம் என்று அறிவித்துத் திரும்பப் பெற 2010 வரை ஆனது. பழைய பிரதிகள் இன்னும் சுற்றுகின்றன. நீங்கள் இறக்கி வைத்த கோப்பில் எச்சரிக்கை இருக்காது, ஆகவே இதழின் சொந்தப் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்திலும் இலவசமாகத் தேடலாம்.

ஒரே சொல்லில் தேடுவது

நீங்கள் 'தூக்கமின்மை' என்று தேடும் விஷயத்தை ஆய்வாளர்கள் வேறு பெயரில் எழுதியிருக்கலாம். முதலில் கிடைக்கும் இரண்டு நல்ல கட்டுரைகளின் திறவுச்சொற்களைக் குறித்துக்கொண்டு மறுபடி தேடுங்கள். பிறகு அந்தக் கட்டுரைகளை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பழையதிலிருந்து புதியதுக்கு வர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பக்க எண் குறிக்காமல் படிப்பது

குறிப்பெடுக்கும்போதே எழுதிவிடுங்கள்.