டிஸ்க் கிளீனப் மென்பொருளால் கணினி பழுதானால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஜெராக்ஸ் கடை நடத்துகிறார். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், நிவாரணத்துக்கான ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகப் படங்களை மீனவக் குடும்பத்தினர் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புவார்கள். அவை அனைத்தும் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் சேரும். ஒருநாள் சி டிரைவ் நிறைந்து சிவப்பாகக் காட்டியதால், விண்டோஸ் செட்டிங்ஸில் டெம்பரரி ஃபைல்ஸ் (தற்காலிகக் கோப்புகள்) பட்டியலில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் டிக் செய்து அழித்துவிட்டார். அப்பட்டியலில் டவுன்லோட்ஸும் ஒன்று. இவ்வழியில் அழிபவை ரீசைக்கிள் பின்னுக்குச் செல்வதில்லை.

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெருந்தவறு. பதற்றத்தில், மீட்பு மென்பொருள் ஒன்றை அதே சி டிரைவில் இறக்கி நிறுவினார். ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவே. புதிதாக எழுதப்படும் எதுவும் அவ்விடத்தில் அமர்ந்துவிடலாம் என்பதால், கணினியை அப்போதே நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்துத் தேட வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் டிரிம் என்னும் ஏற்பாடு அழிந்த பகுதிகளைத் துடைத்துவிடுவதால் நம்பிக்கை மிகக் குறைவு. அவருடையது ஹார்ட் டிஸ்க். பெரும்பாலான படங்கள் கிடைத்தன. திறக்க மறுத்தவற்றை அந்தந்த வீட்டாரிடம் மீண்டும் கேட்டு வாங்க நேர்ந்தது.

விண்டோஸும் செயலிகளும் தம் அமைப்புத் தகவல்களைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களால் வரும் பழுது வேறு வகை: பிரின்டர் வேலை செய்யாது, சில செயலிகள் திறக்காது. இன்னொரு கிளீனரை ஓட்டிப் பார்ப்பது சிக்கலை மேலும் முறுக்கும். இத்தகைய மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. இவற்றால் கணினி வேகமாகும் என்று நானும் நம்பவில்லை. அழிக்கும் முன் அந்த மென்பொருள் பேக்கப் எடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்பச் செலுத்துங்கள்; இல்லையெனில் விண்டோஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் முந்தைய தேதிக்குச் செல்லுங்கள். ரீஸ்டோர் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மீட்டுத் தராது என்பதைப் பலர் அறிவதில்லை.

விண்டோஸ் கோப்புகளே சேதமாகியிருந்தால், அவற்றைச் சரிசெய்ய விண்டோஸிலேயே உள்ள கட்டளைகளை, முதலில் டிஐஎஸ்எம் (DISM), அடுத்து எஸ்எஃப்சி (SFC) என்ற வரிசையில் ஓட்ட வேண்டும். இடம் போதவில்லை என்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS), இன்ஸ்டாலர் ஃபோல்டர்களைக் கையால் அழித்தால் அப்டேட்டும் அன்இன்ஸ்டாலும் தடைபடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் இவ்வேலைகளைத் தொடங்காதீர்கள். ரீஸ்டோர் பாதியில் நின்றால் விண்டோஸ் திறக்காமலே போகலாம்.