ஓட்டுக் கேட்கும் சீமாட்டிக்கு உடை தைப்பது எப்படி

வெள்ளைக்காரச் சீமாட்டி வேஷம் என்றாலே, என் தையல் கடைக்கு வரும் டீச்சர்கள் கிரீடமும் வெல்வெட் அங்கியும் கேட்கிறார்கள். டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானாவுக்கு இது இரண்டும் ஆகாது. 1784-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் விக் கட்சித் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காகத் தெருத்தெருவாகப் போய், கடைக்காரர்களிடமும் கறிவெட்டுகிறவர்களிடமும் ஓட்டுக் கேட்டவர் அவர். நடக்கத் தோதான உடை வேண்டும்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் வெள்ளை மல் துணி வாங்குங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 5 மீட்டர் எடுத்தால் தாராளம். சாட்டின் வேண்டாம், மேடை வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், பிள்ளைக்கும் வேர்த்துக் கொட்டும். மெல்லிய வெள்ளைத் துணியில் தொளதொள கவுன் அப்போது புது ஃபேஷன். பிரெஞ்சு ராணி மேரி அன்டோனெட் அனுப்பிய ஒன்றை ஜார்ஜியானாவே உடுத்தியிருக்கிறார். வெட்டுவதும் சுலபம்: நேராக வெட்டி, கழுத்திலும் இடுப்பிலும் நாடா கோர்த்துச் சுருக்கினால் போதும். நீளத்தைக் கணுக்காலோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஓட்டுக் கேட்கிற இடத்தில் தடுக்கி விழும்.

நிறத்தில்தான் கட்சியே இருக்கிறது. கரைவேட்டியைப் பார்த்தே நாம் கட்சி சொல்லிவிடுகிற மாதிரி, ஃபாக்ஸ் ஆட்களுக்கு நீலமும் மங்கிய சந்தன நிறமும். இடுப்பில் ஒரு சாண் அகலத்துக்கு நீலப் பட்டை, பின்பக்கம் பெரிய முடிச்சு. கழுத்துக் குட்டை சந்தன நிறத்தில்.

தொப்பிக்குக் கறுப்பு சார்ட் அட்டை, விளிம்பு நன்றாக அகலமாக. அதில் நரிவால் கட்டாயம். ஃபாக்ஸ் என்றால் நரி; தலைவர் பெயருக்குப் பொருத்தமாக ஆதரவாளர்கள் அதைத்தான் சூடினார்கள். செம்பழுப்பு உல்லன் நூலை விரல் நீளத்துண்டுகளாக்கி, கம்பியில் நெருக்கமாக முடிந்து, சீப்பால் வாரிவிடுங்கள். இழை பிரிந்து புசுபுசுவென்று நிற்கும். நுனியில் கொஞ்சம் வெள்ளை நூல்.

முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்று எதிர்த்தரப்பு கிளப்பிவிட்டது, கார்ட்டூன்களும் போட்டார்கள். அந்தக் காட்சியை வைக்காதீர்கள். பொம்பளை தெருவில் இறங்கினால் எந்த ஊரிலும் முதலில் இப்படித்தான் பேசுவார்கள். அதற்குப் பதில் வாக்குப்பதிவைக் காட்டலாம். ரகசிய ஓட்டு அப்போது கிடையாது, எல்லார் முன்னாலும் பெயரைச் சொல்லித்தான் போட வேண்டும். 40 நாள் நடந்த பதிவில் ஃபாக்ஸ் இரண்டாவது இடம் பிடித்து ஜெயித்தார்; அந்தத் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். இவ்வளவு அலைந்த ஜார்ஜியானாவுக்கு ஓட்டு கிடையாது. அந்த நாட்டுப் பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டு 1918-ல்தான் வந்தது, அதுவும் எல்லாருக்கும் இல்லை.

ஒரு பாத்திரம் கூடுதலாக வேண்டுமென்றால் கம்பெனி அதிகாரி ஒருவரைச் சேருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்த ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதா 1783-ல் பிரபுக்கள் சபையில் தோற்று, அவருடைய மந்திரி பதவி போன பிறகுதான் இந்தத் தேர்தலே வந்தது. அதே சமயம் நமக்குப் பக்கத்தில், சிவகங்கையில், வேலு நாச்சியார் ஆண்டுகொண்டிருந்தார். ஜார்ஜியானா, நாச்சியார் இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றினால் இன்னும் நன்றாக இருக்கும், வாளுக்கு அட்டை போதும்.

விழா முடிந்ததும் நீலப் பட்டையைக் கழற்றித் தனியாகத் துவையுங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் போகாது.