குப்பை டெண்டருக்குள் அரசியல் கொள்கையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பொதுச் சேவையைத் தனியாருக்குக் கொடுத்தார்கள் என்றதும், "எந்தக் கட்சி ஆட்சி?" என்று கேட்கிறோம். சென்னைக் குப்பை விஷயத்தில் அந்தக் கேள்வி பாதி தூரம்தான் போகும். 2000-ல் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் குப்பை அள்ள வந்தபோது தி.மு.க. ஆட்சி. 2012-ல் ராம்கி, 2020-ல் ஊர்பேசர் சுமீத் வந்தபோது அ.தி.மு.க. 2025-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைக் கொடுத்தபோது மறுபடி தி.மு.க. மேடையில் இருவருமே சமூகநீதி பேசுகிறவர்கள்தான். அதனால் மேடையை விட்டுவிட்டுக் கோப்பைப் பாருங்கள். ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் இருபது வருடம் இருந்தவள் நான். கொள்கை அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

முதலில், வேலையைத் தனியாருக்குக் கொடுக்க மாநகராட்சி மன்றம் போட்ட தீர்மானத்தை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். தீர்மானத்தில் "சிக்கனம்" என்று இருந்தால், ஒப்பீட்டுக் கணக்கின் நகலையும் கேளுங்கள். என் மேஜைக்கு ஒருமுறை அப்படியொரு தாள் வந்தது. நம் செலவுப் பக்கத்தில் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம், வண்டி ரிப்பேர் வரை எல்லாம் இருந்தது. ஒப்பந்ததாரர் பக்கத்தில் ஒரே ஒரு தொகை. அவரை மேற்பார்வை பார்க்கப் போகும் நம் சுகாதார ஆய்வாளர்களின் சம்பளம் எந்தப் பக்கத்திலும் இல்லை. பென்சிலால் குறிப்பு எழுதி அனுப்பினேன். கோப்பு திரும்பி வந்தபோது குறிப்பு அழிந்திருந்தது. முடிவு முதலில், கணக்கு பிறகு என்று அன்றைக்குப் புரிந்தது.

அப்புறம், எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஓனிக்ஸ் காலத்தில் டன் கணக்கு. எடை ஏறினால் பணம் ஏறும். குப்பையைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது. 2020 ஒப்பந்தம் செயல்திறன் அளவீடுகளுக்கு, அதாவது வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று அளந்து பணம் கொடுக்கும் முறைக்கு, மாறியது. நல்லதுதான். ஆனால் அந்த அளவீடுகளில் தொழிலாளியின் சம்பளமும் பி.எஃப்.பும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். தெருவின் சுத்தம் மட்டும் அளக்கப்பட்டால், ஆளைப் பற்றி அரசு என்ன நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நான் அதிகம் நிற்பது இந்த இடத்தில்தான். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. முதலாளி யார் என்பதையே மாற்றிவிட்டால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்கள் இதைத்தான் கேட்டார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கியது ஏறக்குறைய 17,000 ஆகும் என்றார்கள். வீட்டு வாடகை, பிள்ளையின் ஃபீஸ் எல்லாம் அந்த 6,000-க்குள் அடங்கியிருக்கிறது.

சரி, முடிவு மேலிருந்து வந்ததா என்றும் பாருங்கள். பிரிட்டனில் தாட்சர் அரசு 1988-ல் சட்டம் போட்டே குப்பை அள்ளும் வேலையை டெண்டருக்கு விடச் சொன்னது. 1999-ல் தொழிற்கட்சி அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இங்கே அதே வேலையை அரசாணை செய்கிறது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளின் பணியிடங்களை வரையறுத்த, 2022-ஆம் ஆண்டின் அரசாணை 152-ஐ வாசியுங்கள். கவுன்சிலர் கை தூக்கும் முன்பே பல வேலைகள் அவுட்சோர்சிங் பட்டியலுக்குப் போயிருக்கும்.

ஒப்பந்தம் முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2020-ல் போட்டது எட்டு ஆண்டு ஒப்பந்தம். அடுத்த டெண்டருக்கான கோப்பு 2028-க்கு வெகு முன்னாலேயே நகரத் தொடங்கிவிடும்; ஒப்பீட்டுக் கணக்கைக் கேட்கும் மனுவை அப்போதே போட்டுவிடுங்கள்.