ஸே லோ பகே: ஸ்பானிய இறந்தகாலத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

ஸ்பானியம் படிக்க வருகிறவர்களுக்கு இறந்தகாலம் தனியாகக் கேட்டால் வரும். 'அவருக்கு' என்கிற ஸே, 'அதை' என்கிற லோ இரண்டும் தனித்தனியாக வரும். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போடச் சொன்னால்தான் திணறல். எங்கள் செட் விழுந்த அதே குழிகளில்தான் இப்போது வருகிறவர்களும் விழுகிறார்கள், பார்க்கவே பாவமாக இருக்கிறது. வினை விகுதி அட்டவணையை மனப்பாடம் செய்யாத கதையெல்லாம் இங்கே வேண்டாம், அதைப் பாடப்புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

லே லோ

கிடையாது. 'அவருக்கு' என்பது தனியாக வந்தால் லே, பின்னால் லோவோ லாவோ வந்தால் ஸே. ஆக, ஸே லோ. அடுத்தது.

கடைசி அசையை முழுங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது, அங்கே மாறிவிடும். வினையின் முதல் அசையை அழுத்தி 'ஸே லோ பாகோ' என்றால் 'அவருக்கு அதை நான் கட்டுகிறேன்', அதாவது பணம் கட்டுகிறேன். கடைசி அசையை அழுத்தி 'ஸே லோ பகோ' என்றால் 'அவர் கட்டினார்'. 'ஸே லோ பகே' என்றால் 'நான் கட்டினேன்'. எழுத்தில் பார்த்தால் பாகோவுக்கும் பகோவுக்கும் கடைசி உயிரெழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம்.

இதில் ஸே வேறு எதையும் காட்டிக்கொடுக்காது. அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு, அவர்களுக்கு, எல்லாவற்றுக்கும் அதே ஸே. ஆக யார் செய்தது, எப்போது செய்தது என்கிற பாரம் முழுக்க வினையின் கடைசி அசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, நாமோ அதைத்தான் முழுங்கித் தொலைக்கிறோம்.

என்னிடம் படித்த ஒரு பையன் வலென்சியாவில் வாடகைக்கு இருந்தான். ஒரு மாத வாடகையை வீட்டுக்கார அம்மாவின் கணவரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டான், ரசீது வாங்கவில்லை. அந்த அம்மா வந்து கேட்டபோது பதற்றத்தில் 'ஸே லோ பாகோ ஆ ஸு மரீதோ' என்றிருக்கிறான். 'உங்கள் வீட்டுக்காரரிடம் கட்டுகிறேன்' என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. 'அவரிடம் வேண்டாம், என்னிடமே கொடு' என்றார். சண்டை எதற்கு என்று இவன் இரண்டாவது தடவையும் கட்டிவிட்டு வந்து எனக்கு போன் போட்டான்! அப்புறம் கணவர் வாயைத் திறந்ததால் அடுத்த மாதத்தில் கழித்துக்கொண்டார்கள். 'அயேர்', அதாவது நேற்று, என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் தப்பித்திருப்பான். உச்சரிப்பில் நம்பிக்கை வரும்வரை நீங்களும் இப்படி ஒரு காலச் சொல்லைக் கூடவே போட்டுக்கொள்ளுங்கள்.

நாம் 'ஸே... லோ...' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்கிறோம். அவர்கள் அந்த இரண்டையும் அழுத்தவே மாட்டார்கள், வினையோடு ஒட்டி ஒரே மூச்சில் 'ஸெலொபகே' என்பார்கள். குறில், குறில், குறில், நெடில் என்று நினைத்துச் சொல்லிப் பாருங்கள், ஏறக்குறைய சரியாக வந்துவிடும். கோம்ப்ரோ (வாங்குகிறேன்), கொம்ப்ரோ (வாங்கினார்) என்று ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பழகுவது நல்லது. ஆனால் இந்தப் பழக்கத்தில் தீஹே (சொன்னேன்), தீஹோ (சொன்னார்) இரண்டையும் இழுத்துவிடாதீர்கள், அவை ஒழுங்கற்ற வினை, அழுத்தம் முதல் அசையில்தான்.

வெறும் 'கொடுத்தேன்'

'சாவியைக் கொடுத்தியா?' 'கொடுத்தேன்.' தமிழில் இது போதும். ஸ்பானியத்தில் சாவியும் பதிலுக்குள் வந்தாக வேண்டும்: 'ஸே லா தி'. சாவி அங்கே பெண்பால், அதனால் லோ இல்லை, லா. சாவியை விட்டுவிட்டு 'லே தி' என்று மொட்டையாகச் சொன்னால் இடத்தைப் பொறுத்து 'அவனை அடித்தேன்' என்றுகூட ஆகிவிடும்.

ஏ, தாதோ: நடுவில்

எதையும் நுழைக்காதீர்கள். 'ஸே லோ ஏ தாதோ' (அவருக்கு அதைக் கொடுத்திருக்கிறேன்), அவ்வளவுதான். இன்றைக்குக் கொடுத்ததை ஸ்பெயினில் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள், லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் 'ஸே லோ தி' என்றே முடித்துவிடுவார்கள்.

ஸே லோஸ் தீஹே

மெக்ஸிகோக்காரர் ஒருவர் ஒரே விஷயத்தைப் பலரிடம் சொல்லிவிட்டு இப்படிச் சொன்னால் திருத்தப் போகாதீர்கள். விஷயம் ஒன்றுதான், ஆட்கள்தான் பலர். ஸேயால் பன்மையைக் காட்ட முடியாததால் அந்த 'ஸ்' லோவில் போய் ஒட்டிக்கொள்கிறது. லத்தீன் அமெரிக்காவில் படித்தவர்களும் சகஜமாகப் பேசுவதுதான். தேர்வுத் தாளில் மட்டும் 'ஸே லோ தீஹே' என்று எழுதிவிடுங்கள்.