ட்ரைபாடோடு போய் மாட்டிக்கொண்டேன்

காவடி பற்றிய குறும்படத்துக்காகத் தமிழ் மாணவர்களைப் பேட்டி எடுக்க, டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் ட்ரைபாடோடு போனேன். பத்து நிமிடத்தில் காவலர் வந்து படமெடுக்க அனுமதிக் கடிதம் கேட்டார். போனில் எடுத்திருந்தால் கண்டுகொண்டிருக்கவே மாட்டார், அது வேறு விஷயம்.

சரி என்று திரும்பி வந்து, மக்கள் தொடர்புப் பிரிவுக்கு நாள், நேரம், எந்தக் கட்டடம், எத்தனை பேர், எங்கே வெளியிடப்போகிறேன் எல்லாம் எழுதி அனுப்பினேன். அனுமதி கிடைத்தது, ஆனால் பேசுகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை 1 முதல் முழுதாக அமலில் இருக்கும் போப்பியா (POPIA) என்ற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், ஆளை அடையாளம் காட்டும் முகமும் குரலும்கூடத் தனிப்பட்ட தகவல்தான்.

ட்ரோன் ஆசையை அன்றே விட்டுவிட்டேன், ஆட்களுக்கு 50 மீட்டருக்குள் சும்மா பறக்கவிட முடியாதாம். பின்னால் நடந்துபோனவர்களை மட்டும் எடிட்டிங்கில் மங்கலாக்கினேன்.