ஈரமும் ஆவியும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல வீடுகளில் நடப்பது இது. படுக்கையறையில் கொடி கட்டித் துணியைப் போடுவோம். சாரல் அடிக்குமே என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுவோம். மறுநாள் காலையிலும் துணி நசநசவென்றுதான் இருக்கும். கூடவே ஒரு முடை நாற்றம். மெஷின் சரியாகப் பிழியவில்லை என்று பழி அதன்மேல் போகும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். பத்துக்குப் பத்து அறையில், உயரமும் பத்தடி என்றால், சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். அதன் முழுக் கொள்ளளவு 850 கிராம் அளவில் வரும். மழைநாளில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் இருக்கும் இடம் 170 கிராமுக்குத்தான், ஒரு டம்ளர் தண்ணீர். பிழிந்து போட்ட ஒரே ஒரு குளியல் துண்டின் ஈரமே அதை நிரப்பிவிடும். அதற்குப் பிறகு ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் ஈரக் காற்றையே திரும்பத் திரும்பத் துணிமேல் அடிக்கும்.

அதனால் மழையிலும், சாரல் படாத பக்கத்து ஜன்னல் ஒன்றையாவது திறந்து வையுங்கள். எதிரே கதவும் திறந்திருந்தால் நல்லது. வெளிக்காற்றும் ஈரம்தானே என்று தோன்றும். துணி காயும் மூடிய அறையின் காற்றைவிட அது எப்போதும் காய்ந்ததுதான். ஏசி இருந்தால் கதவை மூடிக்கொண்டு டிரை மோடில் ஓடவிடலாம். துணியின் ஈரம் குழாய் வழியாக வெளியே சொட்டிவிடும். இரண்டும் செய்யாவிட்டால் அந்த ஈரம் அறைக்குள்ளேயே குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும். பீரோவுக்குப் பின்னால் சுவரில் கருப்பாகப் பூஞ்சை பிடிப்பது அப்படித்தான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

ஏர் கூலரை ஜன்னல் சாத்திய அறைக்குள் ஓட்டுவதும் இதே தவறு. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால்தான் கூலர் குளிர்கிறது. அறை ஈரமாகிவிட்டால் ஆவியாவது நின்று, புழுக்கம்தான் மிஞ்சும். வாங்கும்போதே ஊரையும் பார்க்க வேண்டும். 40 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 25 சதவீதமாக இருந்தால் கூலர் காற்றை 24 டிகிரி பக்கம்வரை இறக்க முடியும். கடலோரத்தில் 35 டிகிரி, 70 சதவீதம் என்றால் 30 டிகிரிக்குக் கீழே அதனால் போகவே முடியாது. வேலூர் உறவினர் வீட்டில் ஜில்லென்று இருந்ததே என்று சென்னையில் வாங்கி ஏமாறுவது இதனால்தான்.

மண்பானைக்கும் காற்றோட்டம்தான் உயிர்; நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியானால்தான் அது குளிரும். அலமாரிக்குள் வைத்தால் குளிராது. அழகுக்காக வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்த பானையும் குளிராது, துளைகள் அடைபட்டுவிடும். பழைய பானை குளிர்ச்சி குறைந்தால் தேங்காய் நாரால் வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரில் தேய்த்துப் பாருங்கள். உப்புப் படிவு போனால் மறுபடி கசியத் தொடங்கும்.

இனி சமையலறை. கொதிக்கும் குழம்பின்மேல் பொடி டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுகிறோம். மேலே எழும் ஆவி டப்பாவுக்குள் போய்க் குளிர்ந்து நீராகிறது; பொடி கட்டி தட்டுகிறது. ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துப் போட்டால் போதும். ஃபிரிட்ஜில் வைத்த மிளகாய்ப் பொடியை எடுத்த கையோடு திறப்பது அதைவிட மோசம். அறைக் காற்றின் ஈரம் முழுக்கக் குளிர்ந்த பொடிமேல் படியும். மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்து, டப்பாவின் வெளிப்பக்க வியர்வை நின்ற பிறகு திறங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும் கேமராவுக்கும் இதே முறைதான்: பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

ஆவி பறக்கும் சோற்றை டிபன் பாக்ஸில் அடைத்து உடனே மூடாதீர்கள். மூடியில் கோக்கும் நீர் சோற்றின்மேல் சொட்டி, மதியத்துக்குள் நசநசத்துவிடும். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கு மிகவும் ஏற்றவை. தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும் போட்டு மூடுங்கள். ஹாட் பாக்ஸில் இட்லி வைத்தால் மேலே ஒரு பருத்தித் துணி.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஆவிச் சூட்டைப் பற்றி. வெந்நீர் பட்டதைவிட ஆவி பட்டால் லேசு என்று பலர் நினைக்கிறார்கள். 100 டிகிரி வெந்நீர் ஒரு கிராம் தோலில் பட்டு உடல் வெப்பத்துக்கு இறங்கும்போது 63 கலோரி தருகிறது. அதே ஒரு கிராம் ஆவி, முதலில் நீராக மாறும்போதே 540 கலோரியைத் தோலில் இறக்கிவிட்டு, பிறகுதான் அந்த 63-ஐயும் தருகிறது. கெட்டில் கொதிக்கும்போது மூக்கை உற்றுப் பாருங்கள். வெள்ளைப் புகை தொடங்குவதற்கு முன் ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு சிறு இடைவெளி தெரியும். உண்மையான ஆவி அதுதான், கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்த நீர்த்துளிகள். இட்லிப் பானை மூடியை எப்போதும் எதிர்ப்பக்கம் முதலில் தூக்கி, ஆவி உங்களை விட்டு விலகிப் போகும்படி திறங்கள். குழந்தைகளுக்குக் கொதிக்கும் பாத்திரத்தை மடியருகே வைத்து ஆவி பிடிக்க வைக்கவே வேண்டாம். பாத்திரம் சரிந்து வெந்துபோகும் ஆபத்து உண்டு.

கடைசியாக, இரவு மழையில் கார் கண்ணாடி மங்கினால் அவசரத்தில் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். உள்பக்கம் ஒரு விரலால் கோடு போடுங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே: ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். கோடு விழாவிட்டால் ஈரம் வெளியே, ஏசி கண்ணாடியை அளவுக்கு மீறிக் குளிர வைத்திருக்கிறது: குளிரைக் குறைத்து, வைப்பரை ஓட்டுங்கள்.