90 வரி பங்ஷனைத் துண்டு போடுவது எப்படி?

நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகு விடும் ஒருவருக்குப் பற்றுச்சீட்டு அடிக்கும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பைத்தானில் எழுதியது. உள்ளே 'செய்' என்று ஒரே ஒரு பங்ஷன் (ஒரு வேலைக்கான கட்டளைகளைப் பெயர் வைத்துக் கட்டிய தொகுப்பு), 90 வரி. படிவத்தை வாசிக்கிறது, மாதத்தைப் பார்க்கிறது, தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டை உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வேறுவேறு விலையில் கூட்டுகிறது, படகு வாடகையும் ஸ்நோர்க்கல் (நீரில் மிதந்தபடி மூச்சுவிடும் குழாய்) வாடகையும் சேர்க்கிறது, கடைசியில் அச்சிடுகிறது. ஓடுகிறதா? நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஸ்நோர்க்கல் வாடகையை மாற்றச் சொன்னால் எந்த வரியில் கை வைப்பது என்று தேட வேண்டியிருக்கிறது.

படி 1: இப்போதைய விடையைப் பிடித்து வையுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் நாலைந்து உள்ளீடுகளைக் கொடுத்து ஓட்டுங்கள்: குடும்பம் ஒன்று, வெளிநாட்டவர் மட்டும், பயணியே இல்லாத வெற்றுப் படிவம், மாரி காலத்து மாதம் ஒன்று. வரும் பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் சேமியுங்கள். இந்த ஒப்பீட்டைத் தானாகவே செய்யும் யூனிட் டெஸ்ட் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது.

படி 2: எங்கே வெட்டுவது?

நிரலை மேலிருந்து கீழே வாசியுங்கள். 'இங்கிருந்து வாடகைக் கணக்கு' என்று கமெண்ட் (விளக்கக் குறிப்பு) போடத் தோன்றும் இடமெல்லாம் வெட்டும் இடம்தான். அந்தக் கமெண்டே பெரும்பாலும் புதிய பங்ஷனின் பெயராகிவிடும்.

படி 3: சுலபமானதில் தொடங்குங்கள்

அச்சிடும் பகுதி கடைசியில் இருக்கிறது, எதையும் திருப்பித் தருவதில்லை. அதை முதலில் பிரித்தெடுங்கள். பைசார்ம் எடிட்டரில், விண்டோஸ் என்றால், வரிகளைத் தெரிவுசெய்து கண்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பெயர் மட்டும் உங்கள் பொறுப்பு. சரி, உடனே ஓட்டிப் பாருங்கள், பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள், கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்யுங்கள்.

படி 4: மாறிகளைக் கவனியுங்கள்

சிக்கல் வருவது இங்கேதான். துண்டுக்குள் வாசிக்கப்படும் மாறிகள் (மதிப்பைத் தாங்கும் பெயர்கள்) பராமீட்டராக உள்ளே போகும். துண்டுக்குள் மதிப்பு மாறி, பிறகும் தேவைப்படுவது ரிட்டர்னாக வெளியே வரும். வெளியே வருவது இரண்டு மூன்று ஆகிவிட்டால் பெரும்பாலும் வெட்டிய இடம் பிழை.

நம் நிரலில் பயணிகளை ஒவ்வொருவராகச் சுற்றிவரும் ஒரே லூப் நுழைவுச் சீட்டையும் கூட்டுகிறது, ஸ்நோர்க்கல் வாடகையையும் கூட்டுகிறது. அதை அப்படியே பிரித்தால் இரண்டு தொகை வெளியே வரும். முதலில் லூப்பை இரண்டாக்குங்கள்; ஒவ்வொன்றும் ஒரு தொகையை மட்டும் கூட்டட்டும். அப்புறம் தனித்தனியே பிரிப்பது எளிது. இரண்டு முறை சுற்றினால் வேகம் குறையுமே என்று பயப்படாதீர்கள், ஒரு படகில் ஏறுவது எத்தனை பேர்?

இன்னொரு பொறி: துண்டுக்குள் ரிட்டர்ன் இருந்தால் கவனம். முன்பு அது 'செய்' முழுவதையும் நிறுத்தியது. பிரித்த பிறகு சின்னப் பங்ஷனை விட்டு மட்டும்தான் வெளியேறும். வெற்றுப் படிவம் வந்தால் நிறுத்தும் ரிட்டர்ன் அப்படிப்பட்டதுதான்; அதை உள்ளே தள்ளினால் வெற்றுப் படிவத்துக்கும் சீட்டு அடித்துவிடும்.

படி 5: நிபந்தனைக்கும் பெயர் வையுங்கள்

மாதம் 5க்கும் 9க்கும் இடையிலா என்ற சோதனை மூன்று இடத்தில் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு 5 என்ன, 9 என்ன என்று விளங்காது. கடல்_அமைதியான_மாதமா(மாதம்) என்று பிரித்துவிட்டால் விளக்கமே வேண்டாம். வாடைக்காற்று முந்திவிட்டால் திருத்த வேண்டியதும் ஒரே இடம்.

முடிவில் 'செய்' போய், 'பற்றுச்சீட்டு_கொடு(படிவம், மாதம்)' என்ற பங்ஷனின் உடல் இப்படி நிற்கும்:

பயணிகள் = பயணிகளை_வாசி(படிவம்)
if not பயணிகள்: return
நுழைவு = நுழைவுக்_கட்டணம்(பயணிகள்)
படகு = படகு_வாடகை(மாதம்)
ஸ்நோர்க்கல் = ஸ்நோர்க்கல்_வாடகை(பயணிகள்)
சீட்டை_அச்சிடு(பயணிகள், நுழைவு, படகு, ஸ்நோர்க்கல்)

பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். உங்கள் குழு ஆங்கிலத்தில் எழுதினால் அதையே பின்பற்றுங்கள்.

நுழைவுக்_கட்டணம் இரண்டு மூன்று வரிதான் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அதையும் உடைத்தால் வாசிப்பவர் கோப்பு முழுக்க மேலும் கீழும் ஓடுவார். வரி எண்ணிக்கையை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை, உள்ளே போகாமலே பெயரை நம்ப முடிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

பிரிக்கும்போது சிறுவர் அரைச்சீட்டில் சதம் விடுபடுவது கண்ணில் படலாம். கை துறுதுறுக்கும், ஆனால் தொடாதீர்கள். குறித்து வையுங்கள். பிரிப்பு முழுவதும் முடிந்து, படி 1இல் சேமித்த சீட்டுகள் எல்லாம் அச்சொட்டாக ஒத்துவந்த பிறகு, அதை இன்னொரு கமிட்டில் திருத்துங்கள்.